மேல்மாடியில் மிச்சமிருந்தவர்

இறந்துபோன வெள்ளிங்கிரி, காரியமெல்லாம் முடிந்து, ஒறம்பரைச் சொந்தங்களெல்லாம் பஸ் ஏறிப் போய், பந்தல்காரன் வந்து கம்புகளைக் கழற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, வழக்கம்போல என் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் ஆபீசுக்கு வந்து, வழக்கம்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பார்த்தது தமயந்தி. அவருக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து அவர் போனதிலிருந்து அவர் எழுதிய புரோகிராமைப் பழுதுபார்க்கப் பொறுப்பேற்றவள் அவள். "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, பிளக் பாயின்ட் உங்க காலுக்குப் பின்னாடி இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவர் தள்ளிக்கொள்ளாததால் தானே குனிந்து வயரைச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மாதக் கடைசி என்றால் அந்த ஆபீசில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்காது.

கோயமுத்தூர் கணபதியில் சத்தி ரோட்டின் மேல், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரில், நான் கிரைண்டர் கடை வைத்திருக்கிறேன். கட்டடமும் என்னுடையதுதான். மேலே சம்பத் என்பவரின் கம்பெனி வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் என்னதான் விற்கிறார்கள் என்று எங்களில் யாருக்கும் ரொம்ப நாள் தெரியாது. லோடு வண்டி வந்து நிற்காத கம்பெனியை எங்கள் ஊரில் கம்பெனி என்று யாரும் மதிப்பதில்லை. பிறகு தமயந்திதான் ஒருநாள் சொன்னாள். நூல் மில்களில் ஓடும் மிஷின்களுக்குள் சின்னச் சின்ன போர்டுகள் இருக்கின்றனவாம், அவற்றில் புரோகிராம் ஓடுகிறதாம், அதில் கோளாறு வந்தால் நடுவில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, எங்கே என்ன எண் இருக்கிறது என்று காட்டும் சாமானை இவர்கள் செய்கிறார்களாம். அதன் பெயர் டீபக்கர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும் சாமான் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தச் சாமானையே மேலிருந்து கீழ்வரை எழுதியவர் வெள்ளிங்கிரி. அடுத்தவர் தப்பைச் சொல்கிறவரின் தப்பை யார் சொல்வது என்ற கேள்வி அவர் இருக்கும்வரை யாருக்கும் வரவில்லை.

வாடகைக்கு விட்டவன் என்ற உரிமையில் நான் அன்று மத்தியானமே மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். மனுஷன் வெள்ளைச் சட்டை, கீழே கழற்றி விட்ட செருப்பு, மேஜை மேல் எவர்சில்வர் டம்ளர் என்று அப்படியே இருந்தார். முட்டியை ஆட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். தமயந்தி டீபக்கரை நிறுத்தினால் நாற்காலி காலியாக இருந்தது. திரும்ப ஓடவிட்டால் உட்கார்ந்திருந்தார்.

"இதென்ன அம்மணி இது?" என்று கேட்டேன்.

அவள் கையெடுக்காமல், திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்க கடையில டெமோ கிரைண்டர் இருக்குதில்லைங்ணா? ஒருத்தர் ராகி போட்டு ஆட்டிப் பார்த்துட்டுப் போறாரு. கழுவாம அடுத்தவங்க அரிசியைப் போட்டா என்னாகும்?"

"மாவு கருக்கும்."

"அதேதாங்க. ஒரு எண்ணைப் போட்டு வெக்கறதுக்குக் கம்ப்யூட்டர்கிட்ட பெட்டி கேட்டா, பெட்டி குடுக்கும். கழுவிக் குடுக்காது. முன்னாடி யாரு எதை வெச்சிருந்தாங்களோ அது அப்படியே கெடக்கும். நாமதான் மொதல்ல ஒரு சைபரைப் போட்டுச் சுத்தம் பண்ணிக்கோணும். சாரு அவசரத்துல நெறையப் பெட்டிக்கு அதைப் பண்ணாம உட்டுட்டாரு."

"அதுக்கும் அவரு வந்து உக்காந்திருக்கறதுக்கும் என்ன சம்மந்தம்?"

"கழுவாத பெட்டியில மிச்சம் இருக்குமில்லைங்ணா. இத்தனை வருசமா அதுக்குள்ள கைய உட்டது அவரு ஒருத்தருதான."

எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கிரைண்டர் உதாரணம் சரியாகத்தான் இருந்தது.

இப்படி ஒரு விஷயம் வேறு ஊரில் நடந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. எங்கள் தெரு இரண்டே வாரத்தில் அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. டீக்கடை ஷாஜி, ஆள் இருந்தால் டீ உண்டு என்ற கணக்கில் பழையபடி மேலே அனுப்பும் டீயில் ஒன்றைக் குறைக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆறிப்போன அந்த டீயை வீணாக்க மனமில்லாமல் நான் குடித்தேன். ஆபீஸ் வாசலில் இருந்த விரல்ரேகை மிஷினுக்கு வெள்ளிங்கிரியின் விரல் ஆகாததால், கணக்குப் பார்க்கும் பெண் அவருக்கு நேரே 'வெளி வேலை' என்று போட்டுவிட்டாள். பிள்ளையார் கோயில் குருக்கள் ஒருநாள் படியேறி வந்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் பார்த்து, கால் தரையில் பாவுகிறது, கண் இமைக்கிறது, கற்பூரத்துக்கு அசையவில்லை, ஆகவே இது பேயும் இல்லை சாமியும் இல்லை, ஸ்டாஃப்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பஸ் கூட்டமாக வருவதற்குள் கிளம்பிப் போனார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக் கும்பிட வைத்தார்கள். அவர் படித்த காலத்தில் இரண்டு தடவை ஃபெயிலானவர் என்று சம்பத் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. கும்பிட வந்தவர்கள் திரும்பும்போது கிரைண்டர் விலை விசாரித்தார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

சிக்கல் வெள்ளிங்கிரியால் வரவில்லை, அவர் மனைவியின் நெற்றியால் வந்தது. வசந்தாமணிக்குச் சரவணம்பட்டி தாண்டி அக்கட்டால வீடு. விஷயம் காதுக்குப் போனதும் அந்தம்மா ஒரு சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, என் கடை வாசலில் நின்று, "மேல போறதுக்குப் படி எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தம்மா அந்தப் படியில் ஏறியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே போனவர் ரொம்ப நேரம் புருஷனுக்கு எதிரில் நின்றார். "ஏனுங்க" என்று கூப்பிட்டார். வெள்ளிங்கிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். கூடையைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனார் அந்தம்மா. ஆனால் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

இப்போது அவர் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று தெரு இரண்டாகப் பிரிந்தது. நாத்தனார் வந்து, நாலு பேர் முன்னால் எடுத்ததை யாரைக் கேட்டுத் திரும்ப வைப்பது என்று என் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். பூக்காரம்மா, கண்ணுக்கு எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது வெறும் நெற்றியோடு நிற்பது அந்த ஆளுக்கே அவமரியாதை என்றார். பேசிப் பேசிக் களைத்துப்போய்க் கடைசியில் தெருவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. மேலே மிஷின் ஓடும்வரை வைத்துக்கொள்ளலாம், மிஷினை நிறுத்தினால் எடுத்துவிட வேண்டும். வசந்தாமணியும் படியேறும்போது ஒட்டுப்பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது பிய்த்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். மின்வெட்டு வந்து யூபிஎஸ்ஸும் கைவிட்ட மத்தியானங்களில், கரண்ட் வரும்வரை அந்தம்மா விதவையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வேலை செய்ய வந்த மின்வாரியத்து ஆள்கூட, "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, மேல ஒரு அம்மா காத்துட்டு இருக்குது" என்று தன் கூட்டாளியிடம் சொன்னதை நானே கேட்டேன்.

இதையெல்லாம் பார்த்தவர்கள், ஆஹா எவ்வளவு பாசம் இருந்தால் செத்தும் திரும்பி வந்திருப்பார் என்று உருகினார்கள். எனக்கு மட்டும் அந்தம்மாவின் முகத்தில் வேறொன்று தெரிந்தது. ஒருநாள் கீழே தண்ணீர் குடிக்க வந்தவர் அவராகவே சொன்னார்.

"செத்தவங்க வீட்டுக்கு வருவாங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. இந்த மனுசன் ஆபீசுக்கு வந்திருக்காரு பாருங்க."

நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"இருந்தப்பவும் இப்படித்தானுங்க. காலையில கெளம்பறேன்னு சொல்லுவாரு. பொழுதோட வந்தர்றேன்னு சொல்லுவாரு. நான் ரெண்டு பேருக்கும் தோசைக்கல்லு போட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அவரு வர்றப்ப எனக்குத் தூக்கம் வந்துரும். இப்ப நெனைக்கறேன், காரியம் முடிஞ்சதும் நான்தான் வீட்டைக் கழுவி, பாயைத் தூக்கிப் போட்டு, துணியெல்லாம் குடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமப் பண்ணிட்டேன். கழுவாம உட்டிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாருங்களா?"

"சாஸ்திரப்படி கழுவித்தான ஆகோணும்" என்றேன். அது பதிலே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு அந்தம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. மேலே போய் அந்த மனுஷனின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு மில்லில் தனபால் என்ற ஃபிட்டருக்கு இரண்டு விரல் போயிற்று. மிஷினைத் திறப்பதற்கு முன் டீபக்கரை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். உருளை நின்றுவிட்டது என்று அது காட்டியிருக்கிறது. அவன் நம்பிக் கையை விட்டிருக்கிறான். உருளை நிற்கவில்லை. டீபக்கர் காட்டிய எண் அந்த நிமிஷத்து எண்ணே அல்ல, கழுவாத ஏதோ ஒரு பெட்டியில் முன்பு எப்போதோ மிஷின் நின்றிருந்தபோது போட்டு வைத்த எண் என்று தமயந்தி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த அன்று அவள் சாப்பிடவில்லை. சம்பத் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "எல்லாப் பெட்டிக்கும் சைபரைப் போட்டுரும்மா. ஒண்ணு விடாம. அதுவரைக்கும் வேற சோலியே வேண்டாம்" என்றார். சொல்லும்போது வெள்ளிங்கிரியின் நாற்காலிப் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

உலகத்திலேயே அலுப்பான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்த்து மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அது. இந்தப் பெட்டியைக் கழுவவில்லை, இந்தப் பெட்டியைக் கழுவவில்லை என்று அது வருடக்கணக்காக முனகிக்கொண்டே இருந்திருக்கிறது, முனகல் தொந்தரவாக இருக்கிறது என்று அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள். தமயந்தி அடைப்பை எடுத்தாள். அது திரை திரையாகக் கொட்டியது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் பெட்டி எங்கே பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, எந்த வழியில் போனால் சைபர் போடாமல் தப்பிக்கிறது என்று பார்த்து, ஒரு சைபரைப் போட்டு, திரும்ப ஓடவிட்டு, கெட்டுப்போன வேறெதையாவது சரிசெய்து, அடுத்ததற்குப் போனாள். சைபர் போடுவதற்கு ஒரு நொடிதான் ஆகும். எங்கே போடுவது என்று தெரிவதற்கு ஒரு நாள் போய்விடும். நல்லபடியாக முடித்தால் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, யாரும் பாராட்ட மாட்டார்கள். முடிக்காவிட்டால் யாருக்காவது விரல் போகும்.

முதல் பெட்டியைக் கழுவியபோது மேஜை மேலிருந்த டம்ளர் போயிற்று. அடுத்த வாரம் செருப்பு போயிற்று. பிறகு முட்டி ஆட்டுவது நின்றது. ஒரு சாயங்காலம் அவர் இருமலை நிறுத்திவிட்டார், அதுவரை அவர் இருமிக்கொண்டிருந்ததையே நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். கழுவக் கழுவ மனுஷன் குறைந்துகொண்டே வந்தார். தெருவும் அதற்குத் தகுந்தபடி சுருங்கிக்கொண்டது. டம்ளர் போன அன்றே ஷாஜி டீயை நிறுத்திவிட்டார், கும்பிட வந்த பிள்ளைகளுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, குருக்கள் கேட்டபோது, "ஆமா, ரிட்டயர் ஆகிட்டிருக்காரு" என்று நானே சொன்னேன்.

வசந்தாமணி மட்டும் தினமும் வந்தார். வந்து, தமயந்தியின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் ஒரு பெட்டிக்குச் சைபர் போடுவதற்கு முன்னால் கையைத் தொடுவார்.

"அதுல என்ன இருக்குது கண்ணு?"

தமயந்தி பார்த்துச் சொல்வாள். பெரும்பாலும் அர்த்தமில்லாத எண்கள். சில எண்களுக்கு அர்த்தம் இருந்தது. ஒன்று ஏதோ ஒரு மில்லின் போன் நம்பர். ஒன்று அவருடைய ரத்த அழுத்தம். ஒன்று அவர் படித்துக்கொண்டிருந்த ஏதோ புத்தகத்தின் பக்கம், ஒன்று முடித்துக் கொடுக்க வேண்டிய வேலையின் தேதி, இன்னொன்று அதே வேலையின் தள்ளிப்போன தேதி.

"எம்பட சமாச்சாரம் ஏதாச்சு இருக்குதா? கல்யாண நாளு, வீட்டு நம்பரு, அப்படி ஏதாச்சு?"

"இதுல இல்லைங்கக்கா."

"சரி. கழுவிரு."

இப்படி ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். அந்தம்மா கேட்டதெல்லாம் அவ்வளவுதான். இத்தனை பெட்டியில் ஒரே ஒரு பெட்டியில், ஒரு ஓரத்தில், தன்னுடையது ஏதாவது கிடந்தால் போதும். கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். தமயந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைக்காதீர்கள், சம்பத்திடம் தினமும் சொல்கிறவள்தான். ஆனால் அந்தம்மாவிடம் அவளால் முடியவில்லை. "பேசாம கல்யாண நாளை நானே போட்டுக் காட்டிரலாம்ங்ணா, என்ன கொறைஞ்சுரப் போகுது" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த பெட்டிக்குப் போனாள்.

கடைசியில் ஒரே ஒரு பெட்டி பாக்கி நின்றது. கம்பைலருக்குக்கூட அது தெரியவில்லை. ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை, அதற்குள் இன்னொன்று என்று போய் எங்கோ அடியில் கிடந்ததை அவள் கண்ணால் தேடிக் கண்டுபிடித்தாள். அதற்குள் வெள்ளிங்கிரியிடம் கண்ணாடியும் இல்லை, இமைப்பதும் இல்லை. ஒரு வெள்ளைச் சட்டையும், அதற்கு மேலே திரையைப் பார்த்த ஒரு முகமும், அவ்வளவுதான் பாக்கி. வசந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் கண்ணு. கொஞ்ச நாளைக்கு."

தமயந்தி சரி என்றாள். சம்பத்திடம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாள். நாட்கள் போயின. வசந்தாமணி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில், கட்டடக்காரன் என்ற பெயரில், எதற்கென்று தெரியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. யாருக்கும் முடிக்க மனம் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் விரல் போன தனபால் வந்தான். முப்பது வயதிருக்கும். வலது கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. படியேறி வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், நேராக நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். சம்பத் எழுந்தார். நானும் எழுந்தேன், அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவருதான் இதை எழுதுனதுங்களா?"

"ஆமாங்க" என்றாள் தமயந்தி.

"தூங்கியே ரொம்ப நாளான மாதிரி இருக்காரு." அவன் திரும்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த வசந்தாமணியைப் பார்த்தான். யாரென்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டான். "நான் சண்டைக்கு வர்லைங்கக்கா. எங்க மில்லுல இதை எடுத்துட்டாங்க. எம்பட மச்சான் இருக்கற மில்லுல இன்னும் இதைத்தான் மாட்டிப் பாக்கறாங்க. சரி பண்ணுனதை எப்பத் தருவாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சம்பத் தமயந்தியைப் பார்த்தார். அவன் பதிலுக்காக நின்றான். கட்டுப்போட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வசந்தாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்து, கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"இன்னிக்குத் தந்துருவாங்க தம்பி. உங்க மச்சானுக்குச் சொல்லீருங்க."

தனபால் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் படி இறங்கும் சத்தம் ஓயும்வரை வசந்தாமணி காத்திருந்தார். பிறகு எழுந்து, தமயந்தியின் பக்கத்தில் போய் நின்று, இவ்வளவு நாளும் கையைத் தொட்ட மாதிரியே தொட்டார்.

"இதைப் பாக்காமப் போட்டுரு கண்ணு."

"அக்கா, இது ஒண்ணுதான் பாக்கி. ஒருவேளை இதுலதான்..."

"அதுக்குத்தான் சொல்றேன். இருந்துச்சுன்னா என்னால உட முடியாது. இல்லைன்னு தெரிஞ்சா எதுக்கு இத்தனை வருசம் அந்த வீட்டுல உக்காந்திருந்தேன்னு ஆயிரும். எனக்கு ரெண்டும் வேண்டாம்." நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, சுவரில் ஒட்டாமல், விரலிலேயே வைத்திருந்தார். "நான் கெளம்புனப்புறம் போடு. நான் இருக்கறப்பப் போடாத."

அப்புறம் நாற்காலிக்கு எதிரில் போய் நின்றார். அந்த வீட்டில் இத்தனை வருடமும் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது ஒருத்தர்தான், வாசலில் நின்றது ஒருத்தர்தான்.

"ஏனுங்க" என்றார் வசந்தாமணி. "நான் கெளம்பறேன்."

சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். சம்பத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தமயந்தியின் கை கீபோர்டின் மேல் இருந்தது. நான் ஜன்னலோரம் நின்று, அந்தம்மா கீழே வந்து, என் கடையைத் தாண்டி, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பதைப் பார்த்தேன். நின்றவிதத்தில் ஒரு பாரமும் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேறு யாரோ ஒரு பெண்ணிடம் பஸ் வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ங்ணா" என்றாள் தமயந்தி. குரல் ஒருமாதிரி இருந்தது. "இங்க பாருங்க."

நான் திரும்பினேன். இத்தனை மாதமாகத் திரையை விட்டு முகத்தை எடுக்காத வெள்ளிங்கிரி கழுத்தைத் திருப்பியிருந்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா இறங்கிப் போன படியை, யாராவது திரும்ப ஏறி வருவார்களா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியிருந்த அந்த ஒரே பெட்டியில் என்ன கிடந்தது என்று அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தமயந்தியின் கண் நிறைந்திருந்தது. "கூப்பிடட்டுங்களாண்ணா? ஒரு குரல் குடுத்தா வந்துருவாங்க."

ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார்தான். வந்து பார்த்தால் அப்புறம் இந்தப் பெட்டியை யாரும் கழுவ முடியாது. தினமும் கூடையோடு வருவார், பொட்டை ஒட்டிப் பொட்டை எடுப்பார், அந்த ஃபிட்டரின் மச்சான் எந்த மில்லிலோ எண்ணை நம்பிக் கையை விடுவான். இதெல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் அப்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. இவ்வளவு தாமதமாகத் திரும்புகிறானே இந்த மனுஷன் என்று எனக்குக் கோபம் வந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் காந்திபுரத்துப் பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பஸ் போகட்டும் அம்மணி" என்றேன்.

வசந்தாமணி ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்பியது. தமயந்தி சைபரைப் போட்டாள்.